போர்ட் எண்பது

"ஸ்கைப்பை மூடு சுகி. மூடினாத்தான் ஒன்ட சேர்வர் ஓடும்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ், கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசியில்.

வெள்ளவத்தை ஃபிளாட்டில் சுகிர்தா கணினிக்கு முன்னால் இருந்தாள். இருவரும் ஒரே டிப்ளோமா வகுப்பு. மறுநாள் அவரவர் செய்த இணையத்தளத்தை வகுப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும். பின்னேரம் முழுக்க, தளத்தை ஓட்ட வேண்டிய சுகிர்தாவின் சேர்வர் தொடங்குவதும் உடனே நிற்பதுமாக இருந்தது.

இரண்டுக்கும் போர்ட் எண்பது என்ற ஒரே வாசல்தான், ஸ்கைப் முந்திக்கொண்டு அதைப் பிடித்துவிட்டது என்று கொன்ஸ்ரன்ஸ் விளக்கினாள். ஒரு நிமிடம் மூடிவிட்டுச் சேர்வரைத் தொடங்கினால் போதும். பிறகு திறக்கும்போது ஸ்கைப் வேறு வாசலைத் தேடிக்கொள்ளும்.

"ஒரு நிமிஷமும் ஏலாது. அண்ணா ஸ்கைப்பில எடுத்தால்?" அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்தபடி சுகிர்தா சொன்னாள்.

இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோன அண்ணா நிமலனை விட்ட கையோடு, அம்மா பத்மாவதி அவனை ஓர் ஏஜென்டுடன் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆபிரிக்கக் கரையொன்றிலிருந்து கடைசியாகக் கதைத்தவன், இனிக் கப்பல்தான், இறங்கியதும் ஸ்கைப்பில் எடுக்கிறேன் என்றான். வீட்டுத் தொலைபேசியை ஒட்டுக்கேட்பார்கள் என்று அவனுக்குப் பயம். அன்றிலிருந்து அந்தக் கணினியை யாரும் அணைக்கவில்லை. குசினிவரை கேட்கட்டும் என்று அம்மா ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள்.

பத்மாவதி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து மகளுக்குப் பின்னால் நின்றாள்.

"மூடு பிள்ளை."

"அண்ணா, அம்மா..."

"அவன் எடுக்கமாட்டான்." அவள் மகளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே சொன்னாள். "கப்பல் கடலுக்கை தாண்டு போச்சு, ஒருத்தரும் தப்பேல்லை. தையிலயே ஏஜென்ட் சொல்லிப்போட்டான். நீ தாங்கமாட்டாய் எண்டுதான் இதைத் திறந்து வச்சிருந்தனான்."

சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள் வேறொரு சத்தமும் கேட்டது.

சுகிர்தா ஸ்கைப்பை மூடினாள். சேர்வரைத் தொடங்கினாள். இந்த முறை அது நிற்கவில்லை.

"வந்திச்சா?" என்று கேட்டாள் கொன்ஸ்ரன்ஸ்.

"ஓம். ஓடுது."

தொலைபேசியை வைத்துவிட்டு சுகிர்தா எழும்பாமல் அப்படியே இருந்தாள். தையில் ஏஜென்ட் அந்தச் செய்தியை முதலில் சொன்னது அவளிடம்தான்; அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று அவள் அவனிடம் கெஞ்சிக் கேட்டிருந்தாள்.