தோற்காத ஜோடி

பூதவேட்டை ஆட்டத்துத் தகரப் பெட்டியில் இருபது முகப் பகடையும் இரண்டு மந்திரச் சீட்டுகளும் குடியிருந்தன. உறக்கச் சீட்டு பூதத்தைத் தூங்க வைக்கும். தூங்குகிற பூதத்தின் மேல் இடிச் சீட்டைப் போட்டால் குறி தப்பாது. பகடையை உருட்டவே வேண்டாம். ஆட்டக்காரர்கள் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எந்தப் பூதமும் இரண்டாம் சுற்றைப் பார்த்ததில்லை.

“எங்க ஜோடி தோத்ததே இல்ல, பகடையண்ணே!” என்று இடிச் சீட்டு பீற்றிக்கொண்டது.

பகடைக்கு, இந்த ஜோடி சேர்வதற்கு முன் ஒரு ஆட்டத்தில் நடந்த பாலத்துச் சண்டை ஞாபகம் வந்தது. பூதம் வழிமறித்து நிற்க, ஆட்டக்காரி பூங்குழலி பகடையைக் கைக்குள் பொத்தி, ஊதி, உருட்டினாள். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. விழுந்ததோ வெறும் ஒன்று. ஆட்டக்காரர்களின் நாலு வீரர்களும் ஆற்றுக்குள் போனார்கள். மேசையில் எழுந்த சிரிப்பில் தேநீர் கவிழ்ந்தது. அந்தக் கறை உறக்கச் சீட்டின் ஓரத்தில் இன்னும் இருந்தது.

உறக்கச் சீட்டு கறையைப் பார்த்தது. “போன ஆட்டத்துல எல்லாரும் கொட்டாவி விட்டாங்கண்ணே. பூதத்தை மட்டும்தான் தூங்க வைக்கிறேன்னு நெனச்சிருந்தேன்.”

அப்போது மூடி திறந்தது. உறக்கச் சீட்டு பெட்டியடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே சறுக்கி ஒளிந்துகொண்டது.

“ஒரு சீட்டைக் காணோமே!” என்றாள் பூங்குழலி. கொஞ்ச நேரம் துழாவிவிட்டுப் பகடையைக் கையில் எடுத்தாள்.

வெகுநாள் கழித்து அதன் மேல் ஒரு மூச்சுக்காற்று பட்டது.