கிழவி எப்ப போவா?

மகளின் வீட்டுக்கு வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. அம்மா துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?" வேலையிலிருந்து திரும்பிய மகள் பதறினாள்.

"கதவைச் சாத்து. உன் புருஷன் போக்கு சரியில்லைடி."

"என்ன செஞ்சார்?"

"காலையில பால்கனியில நின்னு யாருகிட்டயோ போன் பேசுறார். 'அம்மாவும் பொண்ணும் ஒட்டிக்கிட்டே இருக்காங்க, இப்பவே பிரிச்சு விட்டுடு'ங்கிறார். என் காதால கேட்டேன்!"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதோட விட்டாரா? 'கிழவி எப்ப போவான்னு பாத்துக்கிட்டே இரு, போனதும் நேரத்தைக் குறிச்சு வை'யாம். எனக்கு நாள் குறிக்கிறார்டி! அந்தப் பக்கம் எவளோ களுக்குனு சிரிக்கிறா."

"அந்த எவளோ நான்தாம்மா."

அம்மாவின் கையிலிருந்த துண்டு நழுவியது. "நீயுமா?"

"ஐயோ, உன்னைச் சொல்லலம்மா! எங்க லேப்ல ஈஸ்ட் வளர்க்கிறோம். ரொட்டி மாவைப் பொங்க வைக்குமே, அந்தப் பூஞ்சை. அம்மா செல் உடம்புல மொட்டு விட்டுத்தான் பொண்ணு செல் பிறக்கும். கண்ணாடி ஊசியால பிரிச்சுப் பிரிச்சு, ஒரு அம்மா சாகுறதுக்குள்ள எத்தனை பெத்துக்குதுன்னு எண்ணுறோம். நானும் அவரும் மாத்தி மாத்திப் பாக்குறோம். இருக்கிறதுலயே வயசான செல்லுக்குத்தான் கிழவின்னு பேரு."

அம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "பிரிச்ச பொண்ணை என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிப் போட்டுடுவோம். எங்களுக்கு அம்மாதான் வேணும்."

அம்மா பையைக் கட்டிலில் கவிழ்த்தாள்.

"இதை மாப்பிள்ளை வாயால ஒரு தடவை சொல்லச் சொல்லு. ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேன்."