வீட்டு ஆட்கள்

“ரெண்டு நாய்க்குட்டிக்கு இவ்வளவு சோறா? மலாயா முழுக்க அவசரகாலம், அரிசியே அளந்துதான் தர்றாங்க!”

தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கத்தினான் தோமஸ். அவன் மனைவி டோரீன் தட்டோடு வேலியோரம் போனாள். ஜிம்மியும் டைகரும் அவள் சேலையைக் கடித்து இழுத்தபடி ஓடின.

“இவ்வளவு தின்னும் எலும்பு தெரியுதேம்மா?” என்றார் எதிரே வந்த கங்காணி.

“வயித்துல பூச்சிங்க.”

அதற்குள் டைகர் அவர் வேட்டியைக் கவ்வியது. வீட்டு ஆட்களைத் தவிர யாரைக் கண்டாலும் அந்தக் குட்டிகளுக்கு ஆகாது. துரையின் பூட்ஸையே கடித்தவை.

மறுவாரம் ஒரு காலை, கொழுந்துக் கூடைகளோடு ஆட்கள் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்ற திடலில் போலீஸ் லாரி வந்தது. விலங்கு மாட்டிய இளைஞன் ஒருவனை இறக்கினார்கள்.

“ரிங்லெட் காட்டுல புடிச்ச கம்யூனிஸ்டாம். நம்ம ஆளுங்கதான் யாரோ சோறு குடுத்திருக்காங்க. இவனைத் தெரிஞ்சவங்க சொல்லிடுங்க லா” என்றார் கணக்கெழுதும் கிராணி.

ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார்கள்.

“பார்த்ததே இல்லைங்க” என்றான் தோமஸ்.

“தெரியாதுங்க” என்றாள் டோரீன். அதற்குமேல் அவளால் தலை நிமிர முடியவில்லை. அந்த இளைஞனும் அவள் பக்கம் திரும்பவில்லை.

லயத்திலிருந்து குட்டிகள் பாய்ந்து வந்தன.

“தள்ளி நில்லுங்க, கடிச்சிரும்!” என்று கங்காணி போலீஸ்காரர்களை எச்சரித்தார்.

கடிக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு, விலங்கு பூட்டிய கைகளை எம்பி எம்பி நக்கின.

“ச்சீ, போ!” என்று காலை உதறினான் அந்த இளைஞன், டோரீனின் தம்பி.

விளையாட்டென்று நினைத்து அவை இன்னும் துள்ளின.