மூன்றடுக்கு உருளை

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தனபாக்கியம் டீச்சரின் மேசைமேல் கோடு கோடாகச் சாய்த்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கன உருவங்கள் அந்தக் கோடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கின்றன: செங்கல், ரப்பர் பந்து, வேர்க்கடலை மடித்த காகிதக் கூம்பு, கடைசியாகக் கலாவதியின் மூன்றடுக்கு கேரியர். அவள் அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட் வரும் வாரமெல்லாம் அவர் சாப்பாடு இந்த மேசையில்தான் காத்திருக்கும். சுரங்கத்துச் சங்கு ஊதியதும் இவள் ஓடிப்போய்ப் பள்ளி வாசலில் நிற்கும் மைன்ஸ் பஸ்ஸில் கொடுத்துவிட்டு வருவாள். அவர் காமாலையில் போய்ச் சேர்ந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, நேற்றுதான் பிள்ளை வகுப்புக்குத் திரும்பியிருக்கிறாள். மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் அவர் பெயரை, 'நல்லசாமி'யைப் பார்க்காமலே டீச்சர் கலாவதியிடம் கேட்கிறாள். "இதுக்குத் தட்டையான முகம் எத்தனை?" "ரெண்டுங்க டீச்சர்." "முனை?" "இல்லீங்க." அந்த நேரம் பார்த்துப் பாழாய்ப்போன சங்கு ஊதுகிறது. "ஓடு ஓடு, அப்பா பஸ் ஏறிடப் போறாரு!" சொல்லிப் பழகிய டீச்சரின் வாய் சொல்லிவிடுகிறது. கேட்டுப் பழகிய கால்களும் கேரியரோடு ஓடுகின்றன, காலி அடுக்குகள் கடகடக்க, கதவுவரைக்கும். அங்கே கலாவதி நின்றுவிடுகிறாள். வெளியே பஸ் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. டீச்சர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்கிறாள். கலாவதி திரும்பி வந்து, டீச்சரின் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கேரியரைச் செங்கலுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைக்கிறாள். "அழாதீங்க டீச்சர். இத உருளைக்குத்தாங்க கொண்டாந்தேன்."