எலி சொன்ன நாற்றம்

பொட்டல்வெளியில் இருந்த ஓர் எண்ணெய்க் கிணற்றின் குழாயில் அழுத்தமானி ஒன்றும் வெப்பமானி ஒன்றும் இருந்தன. பூமிக்கடியில் இருப்பதை இரண்டுமே பார்த்ததில்லை. ஆனாலும் தங்கள் அளவுகளைச் சேர்த்து வைத்து, "கீழே எண்ணெயும் எரிவாயுவும்தான், வேறொன்றுமில்லை" என்று முடிவுகட்டியிருந்தன. பக்கத்துக் கிணற்றில் இதே அளவுகள் காட்டியபோது அவைதான் வந்தன என்பதே காரணம்.

குழாயடியில் குடியிருந்த எலி ஒருநாள் காலை பதறி ஓடிவந்தது.

"அண்ணே, வளைக்குள் அழுகிய முட்டை நாற்றம். என் குட்டிகள் இரண்டு செத்துவிட்டன. கீழே ஏதோ விஷவாயு இருக்கிறது. முள்ளைக் கொஞ்சம் ஆட்டிக் காட்டுங்கள். ஆட்கள் சந்தேகப்பட்டு வாயுவை ஒரு குப்பியில் பிடித்துச் சோதித்துப் பார்ப்பார்கள்."

"சரியாகக் காட்டுகிற நான் எதற்கு ஆட வேண்டும்?" என்றது அழுத்தமானி.

மாலையில் எலி தள்ளாடியபடி மறுபடி வந்தது. "இப்போது நாற்றமே தெரியவில்லை, அண்ணே."

"பார்த்தாயா, போய்விட்டது," என்றது வெப்பமானி.

"போகவில்லை. என் மூக்குதான் செத்துவிட்டது."

அழுத்தமானிக்கு உள்ளே உறுத்தியது. சொன்னதை மாற்றினால் இனி யார் மதிப்பார்கள் என்று முள்ளை ஆட்டாமல் இருந்துவிட்டது.

மறுநாள் அந்த அளவுகளை நம்பி நான்கு ஆட்கள் வால்வைத் திறந்தார்கள். ஒருவர் சுருண்டு விழுந்தார். தூக்கப் போன மூவரும் அவர்மேலேயே விழுந்தார்கள்.

"என் அளவு சரியாகத்தானே இருந்தது?" என்று அழுத்தமானி எலியைக் கூப்பிட்டுக் கேட்டது.

எலி மிஞ்சிய ஒரே குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, காற்று வரும் திசையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.