பத்து வராத கணக்கு

"பத்தாவது படிக்கிற பொண்ணு, இதுகூடத் தெரியலையா?"

அப்பா தாளைப் பிடுங்கிப் பார்த்தார். காரணிப்படுத்துக: x² + 10x + 18.

"பெருக்கினா பதினெட்டு, கூட்டினா பத்து வரணும். அவ்ளோதானே! ஆறும் மூணும்... ஒன்பது. ச்சே!"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஒன்பதும் ரெண்டும் போடச் சொல்லுடி உங்கப்பாவை!"

இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரம் ஆகிறது. தூது போய்ப் போய் மகளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"அது பதினொண்ணுன்னு சொல்லு உங்கம்மாகிட்ட!"

ஈரக் கையைத் துடைத்தபடி அம்மா வந்துவிட்டாள்.

"நகருங்க, நான் பார்க்கறேன். பதினெட்டும் ஒண்ணும்... பத்தொன்பது. ஐயோ!"

"ஒன்பது வருது, பதினொண்ணு வருது, நடுவுல இருக்கிற பத்து மட்டும் வர மாட்டேங்குதே!" அப்பா தொடையில் தட்டினார். "மைனஸ் போட்டா?"

"ரெண்டு மைனஸைக் கூட்டினா மைனஸ்தானே வரும்? நல்லாப் படிச்சீங்க போங்க!"

"அட, ஆமா! உனக்கு இதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா?"

"கணக்குல தொண்ணூத்தெட்டு வாங்கினவ நான்."

"சொல்லவே இல்லையே!"

"நீங்க எங்க கேட்டீங்க?"

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்துவிட்டாள். இரண்டு பேனா, இரண்டு தாள், தரையில் சம்மணம். யார் முதலில் போடுவது என்று பந்தயமே தொடங்கிவிட்டது. அடுப்பில் குழம்பு தீய்ந்ததுகூட யாருக்கும் உறைக்கவில்லை.

கணக்கைக் கொடுத்த மகாராணியோ சோபாவில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

இந்தக் கோலத்தில்தான் அத்தை உள்ளே வந்தாள். அப்பாவின் அக்கா, பள்ளியில் கணக்கு டீச்சர். தாளை எட்டிப் பார்த்தவள், அடுப்பை அணைத்துவிட்டு, மகளின் காதைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப் போனாள்.

"ஏன்டி, அவங்க உனக்காக மண்டையை உடைச்சுக்கறாங்க, நீ பிஸ்கட்டா தின்னுட்டு இருக்கே? வருஷா வருஷம் நான் நடத்தற கணக்குடி அது. புத்தகத்துல பதினொண்ணு x. பார்த்து எழுதக்கூடவா சோம்பல்? பத்துன்னு போட்டா அது ஜென்மத்துக்கும் பிரியாது!"

"தெரியும் அத்தை. பதினொண்ணுன்னா x கூட்டல் ரெண்டு, x கூட்டல் ஒன்பது. மனசுலயே போட்டுட்டேன்."

அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடிப்பாவி! தெரிஞ்சேவா தப்பா எழுதிக் கொடுத்தே? இரு, உள்ளே போய்ச் சொல்றேன்!"

மகள் பாய்ந்து அத்தையின் வாயைப் பொத்தினாள்.

"ஐயோ, கத்தாதீங்க அத்தை! நேத்து வேற ஒரு கணக்கைச் சரியாத்தான் எழுதிக் கொடுத்தேன். அப்பா அஞ்சு நிமிஷத்துல போட்டு முடிச்சுட்டார், ரெண்டு பேரும் ஆளுக்கொரு ரூமுக்குப் போயிட்டாங்க."