சமதரையில் புதைந்த வண்டி

“உங்க வழிகாட்டியை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்புங்க. அப்பதான் நான் இந்த இடத்தை விட்டு நகருவேன்!”

ஆடிட்டர் மேஜையில் ஓங்கி அடித்த அடியில் அவர் சட்டையிலிருந்து அரைப்படி மணல் கொட்டியது. பயண நிறுவனத்தின் முதலாளியம்மா பதறி எழுந்துவிட்டார்.

“முதல்ல உட்காருங்க சார். என்ன நடந்தது?”

“என்ன நடக்கலைன்னு கேளுங்க!”

பாலைவனத்தில் தொடங்கிக் கடற்கரையில் முடிகிற ஜீப் பயணம். ‘புதிதாக ஓட்டுகிறவர்களும் வரலாம், வழிகாட்டி உண்டு’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டது அவர் மனைவிதான். போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். முன்னால் வழிகாட்டியின் வண்டி, அதை ஒட்டி இவர்கள், பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள்.

கிளம்புமுன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டார் வழிகாட்டி. அப்போதே ஆடிட்டருக்கு எரிச்சல்.

“நல்லா இருக்கிற டயரை எதுக்குய்யா கெடுக்கிறே?”

“மணல்ல புதையாம இருக்கத்தான் சார்.”

மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்த ஆடிட்டர் வாயைத் திறந்தார். திறந்தவர் மூடவேயில்லை.

“கியரை மாத்து. இப்ப இல்ல! ஐயோ, மேட்டுல போய் யாராவது பிரேக் போடுவாங்களா? உனக்கு லைசென்ஸ் குடுத்தவனைப் பிடிச்சு உள்ள போடணும்!”

இரண்டாவது மணல்மேட்டில் வண்டி நின்றது. பதற்றத்தில் அவள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது.

“நான் அப்பவே சொன்னேனா இல்லையா? அடுப்படியைத் தாண்டி உனக்கு என்ன தெரியும்? பின்னாடி வர்றவன்லாம் பார்த்துச் சிரிக்கிறான். என் மானமே போச்சு!”

வழிகாட்டி இறங்கி வந்தார். ஜன்னலில் குனிந்து உள்ளே பார்த்தார். கயிறு கட்டி வண்டியை இழுத்துவிட்டுப் போனார்.

மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “நீங்களே ஓட்டுங்க. இனிமே நான் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்” என்றாள்.

“இந்தப் புத்தி காலையிலேயே வந்திருந்தா இவ்வளவு தூரம் சீரழிய வேண்டாமே” என்றபடி ஆடிட்டர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மேடுகள் முடிந்து கடல் தெரிய ஆரம்பித்தது. தரை தட்டையாக விரிந்து கிடந்தது. அங்கே போய், அந்த இடத்தில் போய், வழிகாட்டியின் வண்டி புதைந்தது!

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “மணல் ஏமாத்திடுச்சு சார்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ஊருக்கெல்லாம் வழி காட்டுற ஆளாய்யா நீ?”

“தப்புதான் சார். கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க. இந்த மண்வெட்டியை நீங்க பிடிங்க. மேடம், உங்க வண்டிதான் கெட்டித் தரையில நிக்குது. கயிறு கட்டித் தர்றேன். ரிவர்ஸ்ல நீங்கதான் இழுத்து விடணும்.”

“நானா? நானே சிக்கினவ...”

“அதனாலதான் மேடம் கூப்பிடுறேன். சிக்கினவங்களுக்குத்தான் மணலைப் பத்தித் தெரியும். அவசரமே இல்ல. மெதுவா, ஒரே சீரா.”

உச்சி வெயிலில் ஆடிட்டர் மண்டிபோட்டுத் தோண்டினார். கணக்குப் பார்த்தே பழகிய கை, கொப்புளம் கண்டுவிட்டது. மனைவி ஒரு தடவை இழுத்தாள், வண்டி அசையவில்லை. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி இழுத்தாள். முக்கி முனகி வெளியே வந்தது. பின்வண்டிக்காரர்கள் கைதட்டினார்கள்.

“மேடம் மட்டும் இல்லேன்னா நான் இங்கேயே குடித்தனம் பண்ணியிருக்கணும்” என்றார் வழிகாட்டி, எல்லோர் காதிலும் விழும்படி.

அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கை விடவில்லை. அலையோரமாகக் கடற்கரை முழுக்க அவளே ஓட்டினாள். ஷூ நிறைய மணலோடு உட்கார்ந்திருந்த ஆடிட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “சும்மா வாங்க” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டிராத வார்த்தை அது!

அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் இப்போது முதலாளியம்மாவின் மேஜையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“சமதரைம்மா! பச்சைக் குழந்தை மூணு சக்கர சைக்கிள்ல போயிடும். அங்க போய்ச் சிக்குறான்! என் கையைப் பாருங்க. நான் என்ன மண் வெட்டவா வந்தேன்? இவனை நம்பி நாளைக்கு வர்ற குடும்பங்க கதி என்ன ஆகிறது?”

முதலாளியம்மா ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே வழிகாட்டி, எதுவும் நடக்காதது போல டயர்களுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப வருஷமா இங்க ஓட்டுறார் சார். புயல் காத்துல கூட அவர் வண்டி தானாச் சிக்கினதில்ல.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“ஐயோ, இல்ல சார். சமதரைன்னு நீங்க சொன்னதுமே நம்பிட்டேன். எப்பவாவது இப்படி அவரே கொண்டுபோய்ப் புதைச்சுக்குவார். விவரம் தெரியாம நானும் முன்னாடி அவரைத் திட்டியிருக்கேன்.”

அவர் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“புதுசா ஓட்டுறவங்க யாராவது ஸ்டியரிங் முன்னாடி உட்கார்ந்து அழுதாத்தான் அப்படிச் செய்வார். இன்னிக்கு அழுதது எந்த வண்டியில சார்?”